சுற்றளவு

பிரசவ வார்டின் காகித நாடாவைக்
கைப்பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.
திருட்டில்லை.
ஓரம் கிழிந்தது, கணக்கில் வராது.

இரவு ஒன்பது தலைகள் அளந்தேன்.
முப்பத்து மூன்று, முப்பத்து நாலரை,
இரட்டையரில் பின்னால் வந்தவளுக்கு முப்பத்தொன்று.
காலையில் கிசெக்கா சந்தையில்
பத்தாவதாக என் கணவன் கியாகா.
புருவத்துக்கு ஒரு விரல் மேலே,
காதுகளுக்கு மேலே,
பின்மண்டை எங்கே அதிகம் புடைக்கிறதோ அங்கே:
ஐம்பத்தொன்பது.
பதினோரு வருஷமாக வாடகைக்குப் பைக் ஓட்டுகிறவனுக்குத்
தன் தலையின் எண் இன்றுதான் தெரிந்தது.

கடைக்காரர் முதேசாசிரா
தீநாக்கு வரைந்த சிவப்பு ஒன்றை நீட்டினார்.
கியாகாவுக்கு முகமெல்லாம் பல்.
"வெண்ணெயாக இறங்குகிறது பார்!"
வெண்ணெயாக இறங்குவது
வெண்ணெயாகவே கழன்றும் போகும்.
வாரைப் பூட்டச் சொல்லிப்
பிடரிப்பக்கம் கைவைத்து மேலே தள்ளினேன்.
மூக்கை உரசிக்கொண்டு
கையோடு வந்துவிட்டது.

"போலீஸ்காரனுக்கு இது போதுமே அம்மா."
தரை போலீஸ்காரன் இல்லை.
அதன் கையில் நோட்டுத் திணிக்க முடியாது.

அடுத்தது பழையது, பாதி விலை.
மேலே ஒரு கீறல்கூட இல்லை.
உள்துணியை விலக்கி வெள்ளை நுரையைத் தடவினேன்.
நகத்தளவு ஒரு பள்ளம்.
யாரோ ஒருவருக்காக
ஒருமுறை நசுங்கி முடித்தது அது.
அந்த நுரைக்கு இரண்டாம் முறை கிடையாது.
அவர் பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை.
முதேசாசிராவும் பேச்சை மழைக்கு மாற்றினார்.

மூன்றாவது கறுப்பு. பளபளப்பில்லாத கறுப்பு,
வக்கீல் கோட்டுபோல.
வாரின் இரு முனைகளையும் வெளிப்பக்கம் இழுத்து
உள்ளே திணித்தபோது காதுகள் மடங்கின.
கன்னம் பிதுங்கி
வாய் மீன்வாய் ஆனது.
"மூச்சு முட்டுகிறது."
முட்டவில்லை, இறுக்குகிறது.
இரண்டும் வேறு என்று
தினம் எத்தனை பெண்களுக்குச் சொல்கிறேன்!
தலையை இடம் வலம் ஆட்டச் சொன்னேன்.
நெற்றித் தோலும் கூடவே நகர்ந்தது.
பின்னாலிருந்து தள்ளினேன், தொங்கியே பார்த்தேன்,
அசையவில்லை.
"கழுத்தை முறிக்கத்தான் கல்யாணம் செய்தாயா?"

பத்து நிமிஷம் அப்படியே இரு என்றேன்.
போன் அடித்தது, வாடிக்கைக்காரி,
நகாசேரோவுக்குப் போகவேண்டுமாம்.
கண்ணாடிக்குப் பின்னால் அவன் வியர்த்தான்.
சங்கிலிக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்த பையன்கள்
"விண்வெளிக்கா, செபோ?" என்றார்கள்.
கழற்றியதும் நெற்றியைத் தடவினேன்.
ஒரே இடத்தில் குழி விழுந்திருந்தால்
அளவு சரி, வடிவம் தப்பு.
குழியில்லை. சுற்றிலும் ஒரே சீராய்
லேசான வரி, அவ்வளவுதான்.

பின்சக்கர டயருக்கு வைத்திருந்த பணம் போயிற்று,
அதன்மேல் என் இரவுப்பணிப் படியும்.
வழுக்கை டயர்மேல் புத்தம்புது ஹெல்மெட்.
எங்கள் குடித்தனப் போர்வை அப்படி,
தலைக்கு இழுத்தால் காலுக்கு இருக்காது.

வண்டேகேயா சந்திப்பில் சிவப்பு விளக்கில்
அதைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.
நல்ல மனுஷன்.
போட்டுப் பார்த்தேன்.
பானைக்குள் கரண்டிபோல் உள்ளே உருண்டது என் தலை.
நீயே போடு, உன் எண் எனக்குப் பொய் சொல்லும்.
பின்னால் பாய்ந்து வந்த ஹாரன்கள்
எங்கள் இருவரையும் திட்டின.

அவன் சவாரிக்குப் போனபின்
கண்ணாடி முன் நின்று நாடாவைச் சுற்றினேன்.
ஐம்பத்தெட்டு.
அதில் பின்னலே மூன்று சென்டிமீட்டர்.
ஆறு மணிநேரம் குறுக்கு வலிக்க உட்கார்ந்து
நபுலிமேயிடம் போட்டுக்கொண்டது,
பத்து நாள்கூட ஆகவில்லை.
சிசுக்கள் மொட்டையாய் வருவது
எவ்வளவு சௌகரியம்.

காதோரம் ஒரே ஒரு பின்னலை
அவிழ்க்கத் தொடங்கினேன்.
பாதியில் நிறுத்தினேன்.
பணமே இன்னும் சேரவில்லையே.